மாஸ்டரின் இடது தோள்

சட்டையின் இடது கையோடு மாஸ்டர் பத்து நிமிஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வலது கை எப்போதோ உள்ளே போய்விட்டது. இடது கை முழங்கை வரை போய், அதற்கு மேல் நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது. கொஞ்சம் உயர்த்தினால் போதும், தோள்மூட்டில் சுருக்கென்று ஒரு வலி கிளம்பி உச்சந்தலை வரை போய்வந்தது.

"இந்தச் சட்டையைத் தைச்சவன் எவன்?" என்று கத்தினார்.

"போன மாசம் வரைக்கும் இதே சட்டையைத்தானே போட்டீங்க?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"அப்ப துவைச்சு இதைச் சுருக்கினது யாரு?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சட்டையை முழுக்கக் கழற்றினாள். இடது கையை முதலில் மெதுவாக நுழைத்தாள், பிறகு வலது கையைப் போட்டாள். சட்டை ஏறிவிட்டது.

"வலிக்கிற கையை முதல்ல விடணும். கழட்டும்போது நல்ல கையை முதல்ல எடுக்கணும். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. அவங்களுக்கும் போன வருஷம் இப்படித்தான் இருந்துச்சாம்."

"என் தோளைப் பத்திப் பக்கத்து வீட்டுல போய் பேசிக்கிட்டு இருக்கியா நீ?"

"நான் எதுக்குங்க பேசணும்? நீங்க கத்துறதுதான் அவங்க வீட்டு ஹால்ல கேக்குதே."

பொத்தானை அவரே போட்டுக்கொண்டார். சட்டை இவ்வளவு சுலபமாக ஏறியது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பத்தொன்பது வருஷமாக ஒரே டிரைவிங் ஸ்கூல், ஒரே சிவப்புக் கார், ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் ஒரே சீட். அவர் காலடியிலும் தனியாக ஒரு பிரேக்கும் கிளட்சும் உண்டு. ஸ்டூடண்ட் மறந்தால் அவர் மிதிப்பார். மிதிப்பதைவிட அதிகமாகக் கத்துவார். டாக்டரா, வக்கீலா, நீதிபதியா என்றெல்லாம் பார்க்க மாட்டார். ஆனால் மரியாதை மட்டும் குறையாது. "கண்ணு எங்கங்க இருக்கு? பிடரியிலயா வச்சிருக்கீங்க?" என்று 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். அவரிடம் கற்றவர்கள் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிடுவார்கள். அதனால் திட்டு வாங்குவதற்கென்றே ஜனங்கள் வரிசையில் வந்து சேர்ந்தார்கள்.

வலி வந்து மூன்று வாரம் ஆகிறது. குற்றவாளி யார் என்று அவர் முதல் நாளே முடிவு செய்துவிட்டார். தலையணை. மனைவி புதிதாக வாங்கி வந்த தலையணை.

"இது தலையணையா, மைல்கல்லா?" என்று கேட்டு அதை அலமாரிக்கு மேலே வீசினார். வீசியது இடது கையால். தோள் இன்னும் கொஞ்சம் கெட்டது. தலையணை இல்லாமல் நான்கு நாள் படுத்தார். ஐந்தாம் நாள் கழுத்தும் பிடித்துக்கொண்டது.

கழுத்து திரும்பாத மாஸ்டர், ஸ்டூடண்டைப் பார்க்க வேண்டுமென்றால் இடுப்போடு சேர்த்து மொத்த உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. அப்படி அவர் திரும்பும்போது, அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்துக் கல்லூரி மாணவன் ஒருவன் ஆக்ஸிலேட்டரை ஒரே மிதியாக மிதித்துவிட்டான். கார் ஒரு பூக்கடைப் பலகையை உரசிக்கொண்டு போய் நின்றது. அன்று மாலை மாஸ்டரின் தோள் இரண்டு மடங்கு வலித்தது.

தோள்பட்டை வலி என்று வாயைத் திறந்துவிட்டால் போதும், தெருவில் போகிற அத்தனை பேரும் டாக்டர்தான். பல்வலிக்கு யாரும் இப்படி ஓடி வருவதில்லை. பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிப்பவர், "ஐஸ் வைங்க" என்றார். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர், "ஐஸா? செத்தீங்க! வெந்நீர் ஒத்தடம்தான்" என்றார். இரண்டு பேருக்கும் சண்டை மூண்டு, காற்றுக் குழாயைப் போட்டுவிட்டு வாக்குவாதம் செய்தார்கள். வலிக்கிற தோளுக்குச் சொந்தக்காரரை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். சக்கரத்தில் காற்று பாதிதான் ஏறியிருந்தது.

லாரி டிரைவரின் குரல் பெரிதாக இருந்ததால் மாஸ்டர் வெந்நீர் பக்கம் சாய்ந்தார்.

மனைவி ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றி, துண்டு சுற்றிக் கொடுத்தாள். "பதினஞ்சு நிமிஷம் அசையாம உக்காந்து வச்சுக்குங்க. போதும்."

"அசையாம உக்கார எனக்கு எங்க நேரம் இருக்கு? ஏழு மணிக்கு கிளாஸ்!"

"அப்ப சாயங்காலம் வச்சுக்குங்க."

"வலி இப்ப இருக்கு. சாயங்காலம் எதுக்கு வைக்கணும்?"

பையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினார். தோள்மேல் வைத்து, அதன்மேல் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். கச்சிதமாக நின்றது. துண்டு இடைஞ்சலாக இருந்ததால் உருவிப் பின் சீட்டில் எறிந்தார். இத்தனை வருஷத்தில் இந்த யோசனை வேறு எந்த மாஸ்டருக்கும் வந்திருக்காது என்று ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது.

ஏழு மணி ஸ்டூடண்ட் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. ஐம்பத்து நான்கு வயது. பள்ளிக்கூடத்தில் அவர் வராந்தாவில் நடந்து வந்தால் எண்ணூறு பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். காரில் அவர்தான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"என்ன மாஸ்டர் தோள்ல?"

"ரோட்டைப் பாருங்க டீச்சர்! என் தோள்லயா வண்டி ஓட்டப் போறீங்க?"

ரவுண்டானா வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அங்கே ஒரு நாய் குறுக்கே வந்தது. தலைமையாசிரியை பிரேக்கை மிதித்தார். மாஸ்டரும் மிதித்தார். இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடித்ததில் சீட் பெல்ட் இறுகியது, பெல்ட் இறுகியதில் பை நசுங்கியது, பை நசுங்கியதில் மூடி தெறித்தது. அத்தனை வெந்நீரும் மாஸ்டரின் மார்பில் இறங்கி மடியில் வந்து தேங்கியது.

"ஐயோ! ஆஆ! எடுங்க! எடுங்க!"

தலைமையாசிரியை திரும்பிப் பார்த்தார். மாஸ்டரின் சட்டையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. உடனே கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இன்ஜினை அணைத்தார். நான்கு பக்கமும் மஞ்சள் விளக்கு மினுக்கப் போட்டார். சாவியை உருவிக்கொண்டு இறங்கி, ஐம்பது அடி தூரம் ஓடிப்போய் நின்றுகொண்டார்.

ரவுண்டானாவின் நட்டநடுவில் சிவப்புக் கார். நான்கு சாலையிலும் ஹாரன். மாஸ்டர் ஒரு கையால் பெல்ட்டைக் கழற்ற முடியாமல் உள்ளேயே துள்ளிக்கொண்டிருந்தார்.

"எங்க ஓடுறீங்க? வாங்க இங்க!"

"நீங்கதானே சொன்னீங்க மாஸ்டர்? புகை வந்தா யோசிக்காம இறங்கி ஓடணும்னு!"

"வண்டியில புகை வந்தா! வண்டியில!"

ரவுண்டானாவுக்கு எதிரில்தான் டிரைவிங் ஸ்கூல். முதலாளி கண்ணாடிக் கதவு வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் அவருடைய மச்சினன் நின்று இன்னும் நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த மச்சினனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கவுன்டரில் உட்கார்ந்து போன் எடுப்பது, படிவத்தில் போட்டோ ஒட்டுவது, வருகிறவர்களிடம் பல்லைக் காட்டுவது, இதுதான் அவன் வேலை. மாஸ்டரின் சீட்டில் உட்கார வேண்டும் என்பது அவன் ஆசை. ஆறு வருஷமாக அந்த ஆசையைப் பசை தடவியபடியே வளர்த்துக்கொண்டிருக்கிறான். பார்க்கிங்கில் ஒரு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னால் இரண்டு வண்டியில் கோடு போட்டுவிட்டு வருவான்.

சொட்டச் சொட்ட உள்ளே வந்த மாஸ்டரை முதலாளி உட்காரச் சொல்லவில்லை.

"மாஸ்டர், இடது கையைத் தலைக்கு மேல தூக்குங்க பார்ப்போம்."

"எதுக்கு? நான் என்ன டிராபிக் போலீஸா?"

"தூக்குங்க."

மாஸ்டர் தூக்கினார். கை தோள் உயரம் வரை வந்து நின்றது. பல்லைக் கடித்தார். அதற்கு மேல் ஒரு அங்குலம் ஏறவில்லை.

"இன்ஷூரன்ஸ்காரங்க புது ரூல் போட்டிருக்காங்க," என்றார் முதலாளி. "கத்துக்கொடுக்கிற எல்லாரும் இந்த மாசக் கடைசிக்குள்ள ஃபிட்னஸ் சர்டிபிகேட் குடுக்கணும். ரெண்டு கையும் முழுசா வேலை செய்யுதுன்னு எழுதியிருக்கணும். இன்னும் பதினாறு நாள் இருக்கு. இல்லைன்னா நீங்க கவுன்டர்ல உக்காருங்க. வண்டியை இவன் பாத்துக்குவான்."

மச்சினன் பல்லைக் காட்டினான்.

மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கவுன்டர்! நகராத நாற்காலி! போனை எடுத்துத் தேனொழுகப் பேச வேண்டும். அந்தச் சிவப்புக் காரில் இந்த மச்சினன் உட்கார்ந்து போவதைக் கண்ணாடி வழியாகத் தினமும் பார்க்க வேண்டும். அந்த சீட்டைத் தவிர உலகத்தில் அவருக்குத் தெரிந்த இடம் வேறு எதுவும் இல்லை. அதைப் பிடுங்கிவிட்டால் காலையில் எழுந்து எங்கே போவது?

"பதினாறு நாள் எதுக்கு?" என்று கர்ஜித்தார். "பத்து நாள்ல கொண்டு வர்றேன்!"

வெளியே வந்ததும், எதற்கு வாயைக் கொடுத்து ஆறு நாளை இழந்தோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

அன்றே மருந்துக்கடைக்குப் போய், கையைக் கழுத்தோடு சேர்த்துத் தொங்கவிடும் நீலப் பட்டை ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டார். ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்று எண்ணம். மறுநாள் காலை ஒரு தம்பதி தங்கள் மகளைச் சேர்க்க வந்தார்கள். வாசலில் மாஸ்டர் நீலப் பட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

"அவருக்கு என்ன ஆச்சு?" என்று அந்த அம்மாள் கவுன்டரில் கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க," என்றான் மச்சினன். "கார்ல இருந்தார். அவ்வளவுதான்."

சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தம்பதி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பின்னால் வந்த இரண்டு பேரும் நீலப் பட்டையைப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் இன்னும் மோசம். கையை உடைத்துக்கொண்ட மாஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் நடுக்கம் வந்து, கிளட்சை விட வேண்டிய இடத்தில் பிடித்தார்கள், பிடிக்க வேண்டிய இடத்தில் விட்டார்கள். கார் தவளை மாதிரி குதித்துக் குதித்துப் போனது. பன்னிரண்டு மணிக்கு மாஸ்டர் பட்டையைப் பிய்த்துக் குப்பைக்கூடையில் போட்டார். இரண்டு நாள் வீணாகிவிட்டது. வலி மட்டும் வீணாகாமல் அப்படியே இருந்தது.

அடுத்த நாள் ஏழு மணிக்குத் தலைமையாசிரியை மெதுவாக ஆரம்பித்தார்.

"மாஸ்டர், எங்க ஸ்கூல் பக்கத்துல ஒரு பிசியோதெரபி கிளினிக் இருக்கு. இன்னைக்கு கிளாஸை அது வரைக்கும் ஓட்டிக்கிட்டே போயிடலாமா?"

"நான் கிளாஸ் எடுக்க வந்திருக்கேனா, வைத்தியம் பாக்க வந்திருக்கேனா?"

"நாலு சிக்னல், ஒரு பாலம், ஒரு ஏத்தம் இருக்கு மாஸ்டர். எனக்கும் பழக்கமாகும்."

ஏற்றம் என்றதும் மாஸ்டர் சம்மதித்தார். ஏற்றத்தில் வண்டி ஒரு முழம் பின்னால் வழுக்கியபோது அவர் போட்ட சத்தம் பாலத்துக்குக் கீழே போனவர்களுக்கும் கேட்டிருக்கும்.

கிளினிக்கில் ரெஜிஸ்டரோடு உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தத் தோள் சார்?"

"பார்த்தா தெரியலையா?"

"தெரியுது சார். எழுதணும்ல, அதான் கேட்டேன்."

உள்ளே பிசியோதெரபிஸ்ட் அம்மாள் கையைப் பிடித்து முன்னால் தூக்கினார், பக்கவாட்டில் தூக்கினார், பின்னால் மடக்கினார். ஒவ்வொன்றுக்கும் மாஸ்டர் ஒவ்வொரு விதமாகக் கத்தினார். அந்த அம்மாள் அசையவில்லை.

"மூட்டு இறுகல. எதுவும் கிழியவும் இல்ல. தசைதான் அசந்துபோயிருக்கு. தினமும் மணிக்கணக்கா கையை மேல தூக்கி எதையோ இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க. பஸ்ல கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே வேலைக்குப் போறவங்களுக்கு இப்படி வரும். நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"உக்காந்த வேலை! நான் எதையும் பிடிக்கிறதில்ல!"

"கூட யாராவது வந்திருக்காங்களா?"

தலைமையாசிரியையை உள்ளே கூப்பிட்டார்கள். கேள்வியைக் கேட்டதும் அவர் மாஸ்டரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"சொல்லலாமா மாஸ்டர்?"

"சொல்லுங்க! எனக்கென்ன ஒளிவுமறைவு?"

"கார்ல அவர் பக்கத்துக் கதவுக்கு மேல ஒரு கைப்பிடி இருக்கு. ஏறி உக்காந்ததும் அதைப் பிடிப்பார். கிளாஸ் முடிஞ்சு இறங்கும்போதுதான் விடுவார்."

"பொய்!" என்று மாஸ்டர் எழுந்தார். "பத்தொன்பது வருஷத்துல நான் அதைத் தொட்டதே இல்ல!"

மூன்று பேரும் வெளியே வந்து காரைத் திறந்து பார்த்தார்கள். மாஸ்டர் சீட்டுக்கு மேலே இருந்த கைப்பிடி ஒரு பக்கம் திருகாணியோடு பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு நிறம் போய் வெளுத்து, நான்கு விரல் பதிந்த இடம் மட்டும் குழிந்திருந்தது.

"வண்டி பழசு," என்றார் மாஸ்டர்.

"பின் சீட்டுல இருக்கிற ரெண்டு கைப்பிடியும் புத்தம் புதுசா இருக்கே சார்."

மாஸ்டர் கார்க் கதவை அறைந்து சாத்தினார்.

"இதுல தப்பு ஒண்ணும் இல்ல சார். பயம் வந்தா உடம்பு எதையாவது பிடிச்சுக்கும். கை நம்மகிட்ட கேட்டுக்கிட்டுப் போறதில்ல."

"பயமா? எனக்கா பயம்?"

எதிர்க் கடையில் ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். பிசியோதெரபிஸ்ட் அம்மாள் சத்தம் ஓயும் வரை காத்திருந்தார். பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். குனிந்து நின்று கையைத் தளரவிட்டுக் கிணற்று வாளி மாதிரி ஆட்ட வேண்டும். சுவரில் விரல்களை வைத்து, ஒவ்வொரு அடியாக நடத்தி மேலே ஏற்ற வேண்டும். வலி சுருக்கென்று வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும், வீறாப்பு காட்டக் கூடாது. கைப்பிடியை மட்டும் தொடவே கூடாது.

"தொட மாட்டேன்! அது இருந்தாத்தானே தொடுறதுக்கு?"

டிரைவிங் ஸ்கூலுக்குத் திரும்பி வந்ததும் திருப்புளியை எடுத்தார். மிச்சமிருந்த ஒரு திருகாணியையும் கழற்றி, கைப்பிடியைக் கொண்டுபோய் மச்சினனின் மேஜையில் டமாலென்று போட்டார்.

"இந்தா, பத்திரமா வச்சுக்க. பயப்படுறவங்களுக்கு உதவும்."

அன்று முதல் காரில் ஏறியதும் இடது கையை மடியில் வைத்தார். அது எங்கேயும் போகாமல் அதன்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே கத்தினார். முதல் நாள் முழுக்க இடது கை இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. இரண்டாம் நாளும் நகரவில்லை. பயமாம், பயம்! அந்த அம்மாளுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று துடித்தார்.

வீட்டில் மனைவி சுவரில் பென்சிலால் கோடு போட்டாள். விரல்கள் முதல் நாள் ஏறிய உயரம் ஒரு கோடு, மறுநாள் அதற்கு மேலே இன்னொரு கோடு. நான்காம் நாள் கோடு காலண்டரை எட்டியது.

"வலி குறைஞ்சிருக்குங்களா?"

"குறையாம என்ன? நான் செய்யுறேன்ல!"

"தலையணையை எடுத்துத் தரவா?"

மாஸ்டர் அலமாரியின் உச்சியை உர்ரென்று பார்த்தார். "குடு," என்றார்.

இன்னொரு அதிசயமும் நடந்தது. ஸ்டூடண்டுகள் திருந்திவிட்டார்கள். பூக்கடைப் பலகையை உரசிய கல்லூரி மாணவன் இப்போது தளும்பத் தளும்பத் தண்ணீர்க்குடம் சுமப்பவன் மாதிரி ஓட்டினான். நெளியவில்லை, திரும்பவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, வேகத்தைக் கூட்டுவதற்கு முன்னால், "இப்ப கொஞ்சம் வேகமாப் போகப் போறேன் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுக் கூட்டினான். திருப்பத்துக்கு முன்னால், "திரும்பப் போறேன் மாஸ்டர், ஒண்ணும் ஆகாது" என்றான். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். கைப்பிடி போனதும் தன் குரலுக்கு வலு கூடியிருக்கிறது, அதுதான் இப்படி வேலை செய்கிறது என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார்.

ஆனால் லீவு போடுவதும் அதிகமாகிவிட்டது. உடம்பு சரியில்லை என்று இரண்டு பேர் ஒரே நாளில் போன் செய்தார்கள்.

"என்ன உடம்பு? லைசென்ஸ் வேணுமா வேண்டாமா உங்களுக்கு?" என்று மாஸ்டர் போனிலேயே வெளுத்து வாங்கினார்.

தலைமையாசிரியை லீவு போடவில்லை. ஒரு பெரிய துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்.

"என்னங்க டீச்சர் இது? கார் ஓட்ட வர்றீங்களா, மூட்டை தூக்க வர்றீங்களா?"

"வேர்க்குது மாஸ்டர்," என்றார் அவர், சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நீங்க நிம்மதியா உக்காருங்க. பாலம் வருது. மெதுவாத்தான் ஏறுவேன்."

முதலாளியிடம் சொன்ன பத்து நாளில் ஒன்பதாம் நாள் காலை மாஸ்டர் சட்டையை ஒரே மூச்சில் மாட்டினார். இடது கை முதலில், வலது கை பிறகு. மனைவி கதவோரம் நின்று பார்த்தாள். வெளியே போகும்போது, "அந்தப் பக்கத்து வீட்டு அம்மாகிட்ட சொல்லு. சரியாயிடுச்சுன்னு" என்றார்.

கிளினிக்கில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். காதைத் தொட்டார். முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஒரு தடவைகூடக் கத்தவில்லை. பிசியோதெரபிஸ்ட் அம்மாள் இரண்டு தோளையும் அழுத்திப் பார்த்தார். என்னவோ கேட்க வாயெடுத்தவர், நிறுத்திக்கொண்டு சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார்.

மாஸ்டர் அந்தக் காகிதத்தை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு வெளியே வந்தார். மச்சினனின் முகம் எப்படிப் போகும் என்பதை நினைத்தாலே காபி குடித்த மாதிரி இருந்தது. சீட் பிழைத்துவிட்டது. பத்தொன்பது வருஷம் இருபதாகப் போகிறது. யாரிடமாவது உடனே சொல்லியாக வேண்டும். ரெஜிஸ்டர் பெண்தான் எதிரில் இருந்தாள்.

"பாத்தியாம்மா? கைப்பிடியைக் கழட்டி எறிஞ்சு ஒரு வாரம் ஆச்சு. எதையும் பிடிக்காமத்தான் உக்காந்துட்டு வர்றேன். எனக்குப் போய் பயம்னு சொன்னாங்களே உங்க மேடம்!"

அந்தப் பெண் ரெஜிஸ்டரை ஒரு பக்கம் புரட்டினாள். விரலை வைத்து மேலிருந்து கீழே எண்ணினாள்.

"நீங்க சொன்னா சரிதான் மாஸ்டர், ஆனா இந்த வாரம் இடது தோள்ல வலின்னு டீச்சரம்மா கூட்டிட்டு வந்த ஏழு பேரும் உங்ககிட்ட கார் கத்துக்கிறவங்கதான், கைப்பிடியும் இல்லாம அந்த மனுஷன் பயத்துல எதைப் பிடிப்பாரு, பாவம், நம்ம தோளையாவது பிடிச்சுக்கட்டும்னு அத்தனை பேரும் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டுறாங்களாம்."